சிவப்புப் புள்ளிக்கு இட்ட சந்தனம்

1

எங்கள் குசினி மேசையில் இந்த ஒக்ரோபர் முழுக்க இரண்டு படிவங்கள் கிடந்தன. ஒன்று, எனக்குத் துவக்கு ஏன் தேவை என்று கேட்டது. மற்றது, என் மகனுக்குத் துவக்கு ஏன் ஆகாது என்று கேட்டது. இரண்டையும் கேட்டது ஒரே அரசாங்கம்தான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் பிரசையாக இருக்கிற ஆண்பிள்ளை பதினெட்டைத் தாண்டினால் இராணுவம் கடிதம் போடும். போக விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். ஆனால் சும்மா மறுக்க ஏலாது. நீ எப்படி வளர்ந்தாய், துவக்கைத் தொட உன் மனச்சாட்சி ஏன் விடவில்லை என்று உன் சொந்தச் சொல்லில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டார்கள் என்றால் ஒன்பது மாதம் வயோதிபர் இல்லத்திலோ ஆஸ்பத்திரியிலோ வேலை. எங்களுக்கு ஜெர்மன் கடவுச்சீட்டுக் கிடைத்து நாலு வருடம். கடவுச்சீட்டோடு இதுவும் சேர்ந்து வரும் என்று அன்றைக்கு ஒருவரும் நினைக்கவில்லை. கொழுக்கட்டை அவித்துத்தான் கொண்டாடினோம்.

என்னுடைய படிவம் வேறு வகை. நான் இங்கே ஹம் நகரத்தில் ஒரு சுடும் கழகத்தில் உறுப்பினன். ஓம், நான்தான். உரிமப்படி எனக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கைத்துவக்கு இருக்கிறது. உரிமம் தந்து மூன்று வருடமானதும், இன்னும் அதற்குத் தேவை இருக்கிறதா என்று அதிகாரிகள் விசாரிப்பார்கள். அதற்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் பெடூர்ஃப்னிஸ். தேவை என்று அர்த்தம். சோறும் பெடூர்ஃப்னிஸ், துவக்கும் பெடூர்ஃப்னிஸ்.

என் மகன் கபிலனுக்குப் பத்தொன்பது வயது. பத்து வயதிலிருந்து என்னுடைய எல்லா ஆன்ட்ராக்கும், விண்ணப்பத்துக்கு இங்கே அதுதான் பேர், அவன்தான் நிரப்பியது. வீட்டு உதவி, வரி, வேலை இழந்த மூன்று மாதம், அவன் அம்மாவின் பல்லுக் கட்டுறதுக்கு, எல்லாவற்றுக்கும் அவன் கையெழுத்து, கீழே மட்டும் என் கையொப்பம். அலுவலகத்தில் வேலை செய்கிற பெண்மணி ஒருமுறை, "உங்கள் கையெழுத்து வருடா வருடம் அழகாகிக்கொண்டு வருகிறது" என்று பாராட்டினா. இந்த முறை படிவத்தை அவன் பக்கம் தள்ளினேன். அவன் அதை ஒரு விரலால் என் பக்கம் திருப்பித் தள்ளினான்.

"இதை நீங்களே எழுதுங்கோ அப்பா. நான் எழுத மாட்டன்."

"ஏன்?"

"இஞ்சாலை உங்களுக்குத் துவக்கு வேணும் எண்டு எழுதிப்போட்டு, அங்காலை எங்கடை வீட்டிலை துவக்குக்கு இடமில்லை எண்டு எழுதச் சொல்லுறியளோ?"

2

நான் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்கிறவன். குழாய்களுக்குப் பூட்டும் பித்தளைச் சுரைகள், அதாவது நட்டுகள் செய்கிறோம். எங்கள் பட்டறைப் பொறுப்பாளர் மன்ஃப்ரெட். பதினொரு வருடம் அந்த மனிதரும் நானும் காலை வணக்கம், மாலை வணக்கம் இரண்டையும் தவிர வேறு சொல் பேசியதில்லை. மற்ற ஜெர்மன்காரர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: எங்கிருந்து வந்தாய், எப்போது திரும்பிப் போவாய். மன்ஃப்ரெட் ஒருநாள் மூன்றாவதைக் கேட்டார்: "சனிக்கிழமை என்ன செய்கிறாய்?"

இறைச்சி வாட்டித் தின்கிற கூட்டம் ஏதோ என்று நினைத்துத்தான் போனேன். வாசலிலேயே வெடிச்சத்தம். என் கால் தானாகவே பேருந்து நிறுத்தம் பக்கம் திரும்பியது. ஆனாலும் உள்ளே போனேன். அடுத்த சனியும் போனேன். ஏன் போனேன் என்று மன்ஃப்ரெட்டுக்கும் சொல்லவில்லை, என் மனிசி வசந்திக்கும் சொல்லவில்லை. பிறகு சோதனை எழுதினேன், பொலிஸ் என் பெயரைத் தோண்டிப் பார்த்தது, நிலவறைச் சுவரில் இரும்புப் பெட்டகம் ஏறியது. வசந்தி ஒரே ஒரு வசனம்தான் சொன்னா.

"ஊரிலை துவக்குக்குப் பயந்து ஓடி வந்து, இஞ்சை அதைக் கடையிலை வாங்கின ஆள் நீங்கள் ஒராள்தான்."

கோயிலிலும் கதை பரவியது. சனம் இரண்டு விதமாக நடந்துகொண்டது. பாதிப்பேர் என்னைக் கண்டால் செருப்பைத் தேடுவது போலக் குனிந்தார்கள். மிச்சப்பேர் காதுக்குள் வந்து, "அண்ணை, ஒருக்காக் காட்டுங்கோவன்" என்றார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

நாற்பத்தெட்டு வயதில் கண் காலை வாரியது. துவக்கின் பின் முனையில் ஒரு வெட்டு இருக்கும், முன் முனையில் ஒரு குற்றி இருக்கும், தூரத்தில் இலக்கு. மூன்றையும் ஒரு நேர்கோட்டில் பிடிக்க வேண்டும். கண் மூன்று தூரத்துக்கும் ஒரே நேரத்தில் ஓட முடியாதே. குற்றியைப் பார்த்தால் இலக்கு மங்கும், இலக்கைப் பார்த்தால் குற்றி கரைந்து போகும். மன்ஃப்ரெட், "உனக்குச் சிவப்புப் புள்ளிதான் சரி" என்றார். அது தீப்பெட்டி அளவில் ஒரு சாமான். அதன் கண்ணாடியில் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளி மிதக்கும். நீ இலக்கை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேல் போய் உட்காரும்.

துவக்குக் கடைக்காரர் மூன்று வகையை எடுத்து வைத்தார். ஒரு பிளேனை இறக்கும் அக்கறையோடு ஒவ்வொன்றாக விளக்கினார். முதலாவதில் புள்ளி மிகச் சின்னது. கூர்மையாகச் சுடலாம், ஆனால் என் கண் அதைத் தேடிப்பிடிப்பதற்குள் கை களைத்துவிடும். இரண்டாவது, வெளிச்சத்துக்கு ஏற்பப் புள்ளியைத் தானே கூட்டிக் குறைக்கும். கேட்க நல்லாகத்தான் இருந்தது. எங்கள் கூடத்தில் சுடுகிறவன் நிற்கும் இடம் இருட்டு, இலக்குக்கு மட்டும்தான் விளக்கு என்று சொன்னேன். அவர் உடனே அதை உள்ளே வைத்துவிட்டார். அது நிற்கிற இடத்து இருட்டை அளந்து புள்ளியை மங்க வைத்துவிடும், வெளிச்சமான இலக்கில் புள்ளி காணாமல் போகும் என்றார். மூன்றாவதில் புள்ளி பெரிது, பிரகாசத்தைக் கையால் கூட்டலாம், பற்றரியைப் பக்கவாட்டில் மாற்றலாம். பற்றரி அடியில் இருக்கிற வகையில் ஒவ்வொரு தரமும் சாமானைக் கழற்ற வேண்டும், கழற்றினால் திரும்ப நேர் பார்க்க வேண்டும். நான் மூன்றாவதை எடுத்தேன்.

அவர் சொன்ன பராமரிப்பு இரண்டே இரண்டு. ஒன்று, கண்ணாடியைக் கண்ட துணியால் துடைக்காதே. முதலில் தூசியை ஊதி விடு, பிறகு அதற்கான திரவமும் மெல்லிய துணியும். இரண்டு, திருகாணிக்கு ஒரு சொட்டுப் பூட்டுப்பசை. என் கைத்துவக்கின் மேல்மூடி ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் பாய்ந்து முன்னால் வரும். இந்தச் சாமான் அதன் மேலேதான் குந்தியிருக்கிறது. பசை இல்லாவிட்டால் திருகாணி மெல்ல மெல்ல இளகும். "இருபது வருடம் சுரை செய்கிறவனுக்கே சொல்கிறீரோ" என்று மனதுக்குள் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பசை வைத்துப் பூட்டி, வசந்தியின் நகப்பூச்சால் திருகாணித் தலையிலிருந்து உடல் வரை மெல்லிய கோடும் இழுத்தேன். திருகாணி திரும்பினால் கோடு முறியும். எங்கள் பட்டறையில் அப்படித்தான் செய்வோம்.

3

இந்த வருடம் ஒன்றுமே ஓரிடத்தில் நிற்கவில்லை. கோடையில் உலகக் கிண்ணக் கால்பந்து இங்கே நடந்தது. கபிலன் தன் யன்னலில் ஜெர்மன் கொடி கட்டினான். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. கொடியை இறக்கின கையோடு இராணுவத்தின் கடிதம் வந்தது. "கொடியைக் கட்டினாய், இப்ப வா எண்டு கூப்பிடுறாங்கள்" என்று பகிடி விட்டேன். அவன் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அவனுடைய அறைக்கதவு சாத்துகிற சத்தம் இப்போது எங்கள் வீட்டு மணிக்கூடு.

ஓகஸ்டில் திரும்பச் சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்துப் பாதையைப் பூட்டினார்கள். நாலு வருடம் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தது அவ்வளவுதான். அங்கே இருக்கிற என் அக்காவுக்கு நாளுக்கு இருபது தரம் போன் அடித்தால் ஒருதரம் தொடர்பு கிடைக்கும். கிடைத்தால் அவ சாமான் விலைதான் சொல்லுவா. வெடிச்சத்தம் கேட்கிறதா என்று நான் கேட்பேன். "அதை விடு, அங்கை குளிர் தொடங்கீட்டுதோ" என்பா. நான் வேலைக்குப் போனேன், வந்தேன், பித்தளையை வெட்டினேன், சனிக்கிழமையில் சுட்டேன். எங்கே இருந்தாலும் வேறெங்கோ போக வேண்டும் போல உடம்பு துடித்துக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கையில் சரஸ்வதி பூசை வந்தது. ஒவ்வொரு வருடமும் நான் பட்டறையிலிருந்து என் அளவுகோலையும் கடைசல் உளியையும் கொண்டு வந்து படத்துக்கு முன்னால் வைப்பேன். வசந்தி தன் வேலையிடத்து இரத்த அழுத்தக் கருவியை வைப்பா. கபிலனின் புத்தகங்களும் வைப்போம், அவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும். இந்த வருடம் எனக்கு ஒரு யோசனை. தொழிலுக்குரிய கருவி எல்லாம் வைக்கிறோம், என் கண்ணாக இருக்கிற அந்தச் சாமானை விடலாமோ? துவக்கைப் பெட்டகத்துக்கு வெளியே போட்டு வைப்பது சட்டப்படி குற்றம், அது தெரியும். ஆகவே நிலவறையில் நின்று சிவப்புப் புள்ளியை மட்டும் கழற்றிக்கொண்டு மேலே வந்தேன். என் புத்தி அவ்வளவு கூர்மை.

எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். அளவுகோலுக்குச் சந்தனம், உளிக்குச் சந்தனம், இரத்த அழுத்தக் கருவிக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். கை ஒரே ஓட்டத்தில் போனது. சிவப்புப் புள்ளியின் கண்ணாடிக்கும், நெற்றி என்று நினைத்ததோ என்னவோ, நட்ட நடுவில் வைத்துவிட்டது.

ஆரத்தி காட்டும்போதுதான் கபிலன் அதைக் கண்டான். அவனுடைய கணிதப் புத்தகத்துக்கு மேலே அது இருந்தது.

"இது துவக்கின்ரை சாமான் எல்லோ."

"கண்ணாடி மாதிரித்தான்" என்றேன்.

அவன் புத்தகத்தை அடியிலிருந்து இழுத்து எடுத்தான். பூ கொட்டியது, விளக்குச் சரியப் பார்த்தது. வசந்தி என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது. நான் அவசரத்தில் சாமானை எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்தேன். காய்ந்த சந்தனம் மணல் மாதிரி உராய்ந்தது. கடைக்காரர் சொன்ன இரண்டில் முதலாவது அந்த நிமிடத்தில் போயிற்று.

4

சாமானைத் திரும்பப் பூட்டி அடுத்த சனி சுடப் போனேன். புள்ளி புள்ளியாக இல்லை. வால் முளைத்த ஒரு செத்தல் மிளகாய் போல ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்தது. சந்தனம்தான், வேட்டித் தலைப்புத்தான், சரஸ்வதிதான், வேறென்ன? திரும்பவும் கழற்றிக் கடைக்குக் கொண்டு போனேன். என்ன நடந்தது என்று அவர் கேட்டார். ஜெர்மனில் சரஸ்வதி பூசையை எப்படி விளக்குவது? "மதக் காரணத்துக்காக ஒரு பசை பூசினேன்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சாமானை உள்ளே கொண்டு போய் அரைமணி நேரம் கழித்து வந்தார். ஓரத்தில் மெல்லிய கீறல்கள், அவ்வளவுதான். புள்ளியில் பிழை இல்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. விற்றவன் பிழை என்று சொல்லுவானா? வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துப் பார்த்தேன். செத்தல் மிளகாய்தான். வசந்தி வேலையில். கபிலன் தன் கடிதத்தோடு மேசையின் மறுபக்கத்தில் இருந்தான். மூன்று கிழமையாக ஒரே பக்கத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறான்.

"தம்பி, ஒருக்கா இதுக்குள்ளை பார். புள்ளி எப்பிடித் தெரியுது எண்டு சொல்லு."

"நான் அதைத் தொட மாட்டன்."

"தொட வேண்டாம். நான் பிடிக்கிறன். நீ பார்."

அவன் தயங்கினான். பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தான். நான் சாமானை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன். இவ்வளவு கிட்டத்தில் அவன் முகத்தைப் பார்த்து எவ்வளவு காலம் என்று யோசித்தேன். தாடி வந்திருந்தது.

"வட்டமாத்தான் இருக்கு."

"வாலில்லையோ?"

"வாலோ? இல்லை அப்பா. நல்ல வட்டம்." அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "சாமானிலை பிழையில்லை. உங்கடை கண்ணிலைதான்."

மூக்குக்கண்ணாடிக் கடையிலும் பிறகு அதையேதான் சொன்னார்கள். என் வலக்கண்ணின் விழி சரியான வளைவில் இல்லையாம். வட்டமான ஒளியை அது இழுத்து நீட்டிப் பார்க்குமாம். எத்தனையோ வருடமாக அப்படியாம். சந்தனப் பயத்தில் நான் ஒளிப்புள்ளியை உற்றுப் பார்க்கத் தொடங்கினபடியால் இப்போதுதான் பிடிபட்டதாம். பாவம் சரஸ்வதி.

அன்றைக்குக் கபிலன் மேசையின் தன் பக்கத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கேயே இருந்தான்.

"ஏன் அப்பா துவக்கு?"

"ஏன் எண்டால்?"

"நீங்கள் ஊரிலை பட்டதிலை கொஞ்சத்தை அம்மா சொல்லியிருக்கிறா. அதாலைதான் நான் போக மாட்டன் எண்டு எழுதலாம் எண்டு பார்த்தன். ஆனா நிலவறையிலை பெட்டகம் இருக்கேக்கை அதை எழுதினால் பொய். எழுதாமல் விட்டாலும் பொய். உங்களைப் பற்றி எழுதாமல் என்னைப் பற்றி எழுதத் தெரியேல்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மூன்று கிழமைக் கிழிசலெல்லாம் என்னால்தான். அந்தக் கடிதம் சரி வராவிட்டால் இவனைப் பச்சைச் சட்டை போட்டுத் துவக்குத் தூக்க வைப்பார்கள். பயத்தில் என் வாய் தானாகவே திறந்தது. வசந்திக்கும் சொல்லாததைச் சொன்னேன்.

இருபத்தாறு வயதில் ஒரு காலை இலங்கை இராணுவம் எங்கள் ஊரைச் சுற்றி வளைத்தது. எங்களை றோட்டில் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஒரு மணித்தியாலம் என் பிடரியில் ஒரு துவக்குக் குழல் இருந்தது. பிடித்தவனின் முகத்தை நான் காணவில்லை, அவனுடைய சப்பாத்தை மட்டும் கண்டேன். வெடிக்கும், வெடிக்காது என்று அந்த ஒரு மணித்தியாலமும் எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

"மன்ஃப்ரெட் என்னை முதல்நாள் கூட்டிக்கொண்டு போனவரெல்லோ," என்றேன். "வெடிச்சத்தம் கேட்டு ஓடத்தான் வெளிக்கிட்டனான். அப்ப உள்ளுக்கை ஆரோ 'ஸ்டொப்' எண்டார். அவ்வளவு துவக்கும் ஒண்டாக் கீழை போச்சுது. எல்லாரும் கையை எடுத்தாச்சு. அதிகாரி இல்லை, பெரியாள் இல்லை. பிழை கண்டால் ஆர் எண்டாலும் சொல்லலாமாம், சொன்னால் எல்லாரும் நிப்பாட்ட வேணுமாம். அதைப் பார்க்கத்தான் அடுத்த சனியும் போனனான். அதுக்குப் பிறகும் அதுக்குத்தான்."

அவன் கிழித்த தாள்களைக் கூட்டி ஒதுக்கி வைத்தான். பிறகு, "பார்க்காமல் எழுத ஏலாது. இந்தச் சனி நானும் வாறன்" என்றான்.

அவன் அறைக்குப் போனான். வாய் விட்டுச் சொன்னதுக்கு உடம்பு வட்டி கேட்டது. சும்மா இருக்க முடியாமல் நிலவறைக்கு இறங்கிச் சிவப்புப் புள்ளியைப் பழைய இடத்தில் பூட்டினேன். பூட்டுப்பசைக் குப்பியைத் தேடினேன், கிடைக்கவில்லை, பட்டறையில் மறந்துவிட்டேன். நாளைக்குக் கொண்டு வந்து வைப்போம் என்று நினைத்துக்கொண்டு கையால் இறுக்கிப் பெட்டகத்தைப் பூட்டினேன். நாளை வந்தது, போனது. பசை வரவில்லை. நகப்பூச்சுக் கோடும் இழுக்கவில்லை.

5

கபிலனின் விண்ணப்பம் போன திங்கள் தபாலில் போய்விட்டது. அதற்கு முந்திய சனியைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மழை. துவக்குப் பெட்டி பூட்டியபடி காரின் பின்பெட்டிக்குள். கபிலன் பக்கத்தில், வழி முழுக்க யன்னலைப் பார்த்தபடி. மன்ஃப்ரெட் வாசலில் அவனுக்குக் கை கொடுத்து, காது மூடியைக் கொடுத்து, பின்னாலிருக்கிற வாங்கைக் காட்டி அதில் இருக்கச் சொன்னார். நாங்கள் ஐந்து பேர் வரிசையில் நின்றோம். மேற்பார்வைக்கு மன்ஃப்ரெட்.

புதுக் கண்ணாடி போட்டிருந்தேன். முதல்முறையாகப் புள்ளி வட்டமாகத் தெரிந்தது. மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வேறு ஒரு பெருமை. முதல் ஐந்து வெடியும் நல்லாகப் போயின. அடுத்த ஐந்து இடப்பக்கம் ஒதுங்கின. அதற்கடுத்தது இலக்கை விட்டே இறங்கப் பார்த்தது. பார், இந்தக் கண் புதுக் கண்ணாடிக்கும் அடங்குதில்லை என்று நினைத்தேன். முதலில் கண் பிழையாக இருக்கச் சாமானைத் திட்டினேன். இப்போது கண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். கையை உயர்த்தி அடுத்த வெடிக்கு மூச்சைப் பிடித்தேன்.

"ஸ்டொப்!"

யார் குரல் என்று தெரியவில்லை. காது மூடியும் காரணம். அந்தக் குரல் அவ்வளவு உரத்து எழும்பி நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பதும் காரணம்.

ஐந்து துவக்கும் கீழே போயின. வெடிப்பெட்டிகள் கழன்றன, மேல்மூடிகள் திறந்தன, எல்லாம் மேசையில் படுத்தன. ஐந்து பேரும் கையை எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வந்தோம். கூடத்தில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. வாங்குக்கு முன்னால் கபிலன் எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் போல ஒரு கையை உயர்த்தியிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நான்தான்," என்று ஜெர்மனில் சொன்னான். "அப்பாவின் துவக்குக்கு மேலே இருப்பது ஆடுகிறது."

மன்ஃப்ரெட் என் மேசைக்கு வந்து சிவப்புப் புள்ளியை ஒரு விரலால் தொட்டார். விழப் போகிற பால்பல் மாதிரி அது அங்குமிங்கும் அசைந்தது. ஒரு திருகாணி பாதி வெளியே வந்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று வெடியில் கழன்று என் முகத்துக்கே வந்திருக்கும். அவர் திருகாணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருபது வருடம் சுரை செய்த என்னை. எனக்கு நிலம் பிளந்தால் போதும் போலிருந்தது.

அவர் என்னை விட்டுவிட்டுக் கபிலனிடம் போய், "சரியாகச் செய்தாய்" என்றார். பக்கத்து மேசையில் நின்ற வயதான மனிதரும் தலையை அசைத்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நீ ஆர், எந்த ஊர், உறுப்பினனா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாளும் துவக்குத் தொடாத, தொட மாட்டேன் என்று எழுதிக்கொண்டிருக்கிற என் பிள்ளை ஒரு சொல் சொன்னான். ஐந்து துவக்கு அடங்கியது. நான் காது மூடியைக் கழற்றுவது போல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போதும் மழை. பாதி வழியில் சிவப்பு விளக்கில் நின்றோம்.

"அப்பா."

"ம்."

"அண்டைக்கு நீங்கள் றோட்டிலை கிடக்கேக்கை, ஆரும் ஸ்டொப் எண்டு கத்தினவையோ?"

விளக்கு பச்சையாகியது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். நான் காரை எடுத்தேன்.

"கத்தினவை."

"ஆர்?"

"எல்லாரும். என்ரை அம்மா படலையடியிலை நிண்டு கத்தினவ. வாத்தியார் சிங்களத்திலையும் சொல்லிக் கத்தினவர். நாங்களும் நிலத்திலை கிடந்து கத்தினனாங்கள்."

அவன் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. நானும் சொல்லாமலே விட்டிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்த பிறகு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ள எனக்குத்தான் முடியவில்லை.

"எனக்குப் பக்கத்திலை சந்திரன் கிடந்தவன். என்னோடை படிச்சவன். அவன் எழும்பேல்லை."

வீட்டு வாசலில் காரை நிற்பாட்டினேன். வழக்கமாக நான் சாவியைத் திருப்புவதற்குள் அவன் இறங்கி, படியேறி, அறைக்கதவைச் சாத்தியிருப்பான். யன்னலில் வசந்தி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தா. மழைத்துடைப்பான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை எட்டி நிற்பாட்டினான். இறங்கவில்லை. நான் இறங்கும்வரை என் பக்கத்திலேயே இருந்தான்.